இலத்தீன் முதுமொழிகளும் சேதுக்கரைத் தமிழும்

இலத்தீன் மொழியின் தொடர்களையும் பழமொழிகளையும் அகரவரிசையில் நிறுத்தி, எதிரே ஆங்கிலப் பொருளும் அதனருகே தமிழ்ப் பொருளும் தரும் பட்டியல்கள் நம் மாணவர் கையில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. அகராதிகளின் இறுதியில் அவை பிற்சேர்க்கையாக நிற்கும். சட்டம் பயில்வோர் அவற்றை மனப்பாடம் செய்வர். ஆய்வேடு எழுதுவோர் அடிக்குறிப்பிற்கு வேண்டிய அளவு எடுத்துக்கொள்வர். இப்பட்டியல்களால் விளையும் பயன் உண்டு. அதனை மறுப்பது எம் கருத்தன்று. எனினும் இவற்றின் தமிழ்ப் பகுதியை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. இலத்தீனிலிருந்து ஆங்கிலத்திற்கும், ஆங்கிலத்திலிருந்து தமிழிற்கும் வந்து சேர்ந்தது சொல்லின் பொருள் மட்டுமா, அன்றி அச்சொல் செய்யும் தொழிலுமா? பொருள் வந்து தொழில் வாராதொழியின் அம்மொழிபெயர்ப்பு முற்றுப்பெறவில்லை என்பது எம் துணிபு.

இதற்குரிய சான்றுகளைத் தேடி யாம் நெடுந்தொலைவு செல்லவில்லை. குமரிமுனை தொடங்கி இராமேசுவரம் வரை நீண்ட முத்துக்குளித்துறையும், அதன் வடபாலுள்ள இராமநாதபுரச் சீமையும் இலத்தீன் தமிழைப் பலமுறை எதிர்கொண்ட நிலங்கள். அவ்வெதிர்கோளில் நேர்ந்த வெற்றியும் தவறும் பட்டியல்களைத் திறனாய்வதற்கு நல்ல உரைகற்களாக அமைகின்றன.

முதற்கண் முதுமொழி என்பது யாது என்னும் வினா. தொல்காப்பியர் செய்யுளியலில் முதுமொழிக்கு இலக்கணம் கூறுங்கால், நுண்மை, சுருக்கம், ஒளியுடைமை முதலிய பண்புகளைச் சொல்லி அமையவில்லை. பேசுவோன் கருதிய பொருளை நிலைநாட்டுதற்குக் காரணமாக வந்து நிற்பதே அது என்று அதன் பயனையும் உடன் வைத்தார். முதுமொழி தனித்து நிற்பதன்று. ஒரு பேச்சினை முடித்துக் கொடுக்க வருவது. எந்தப் பேச்சினை முடிக்க வந்தது என்பதை அறியாமல் அதன் பொருளை அறிந்துவிட்டதாகக் கருதுவது, சாவியைக் கண்டு அதற்குரிய பூட்டையும் கண்டதாக எண்ணுவதை ஒக்கும்.

பட்டியல்களில் இக்குறை எவ்வாறு புலப்படுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 'எர்ராரே ஊமானும் எஸ்த்' என்பது தவறுதல் மனித இயல்பு எனப் பொருள்படுவது. இதற்கு நேராக 'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்னும் தமிழ்ப் பழமொழியை எழுதிவிடுவது பலர்க்கும் வழக்கம். மேலோட்டமாக நோக்கின் பொருத்தமாகவே தோன்றும். ஆயின் இலத்தீன் தொடர் மனிதர் அனைவர்க்கும் பொதுவான எளிமையைக் கூறிப் பொறுத்தலை வேண்டுகிறது. தமிழ்ப் பழமொழியோ வலியாரைச் சுட்டுவது; 'நீ வலியன் எனினும் காலைப் பார்த்து வை' என்று எச்சரிக்கவும் பயன்படும், வீழ்ந்த பெரியவர்க்கு ஆறுதலாகவும் பயன்படும். தேர்வில் தவறிய ஏழை மாணவனை நோக்கி ஆனைக்கும் அடி சறுக்கும் எனின், அவனை ஆனையாக்கி நகையாடியதாகவும் முடியலாம். இன்னும் ஒன்று. அவ்விலத்தீன் தொடர்க்கு, தவற்றிலேயே நிலைத்திருத்தல் பேய்த்தன்மை என்னும் பிற்பகுதியும் வழக்கில் உண்டு. அதனைச் சேர்த்துப் படிப்பின் தொடர் மன்னிப்பதோடு நில்லாது, கண்டிக்கவும் செய்கிறது. பட்டியல் பாதியைத் தந்தது. பாதி தந்தமையையும் சொல்லாது விட்டது.

'வோக்ஸ் போபூலி வோக்ஸ் தேயீ' என்பதும் இத்தகையதே. 'மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு' எனத் தமிழில் மோனை நயம்படப் பெயர்ந்து தேர்தல்தோறும் மேடையேறுவது இத்தொடரின் கருத்தே. வேந்தன் சார்லமேனுக்கு அறிஞர் ஆல்குயின் 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய மடலில் இத்தொடர் வருகிறது. ஆங்கு அது போற்றப்படவில்லை. இவ்வாறு சொல்லுவார் பேச்சினைக் கேளற்க என்று தள்ளப்படுகிறது. ஒருவர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய தொடர், பிறர் நாவில் கொள்கை முழக்கமாயிற்று. பிற்கால வழக்கே இன்றைய பொருள் என்பதில் ஐயமில்லை. ஆயின் தொடரின் வரலாற்றில் இத்தகைய திருப்பம் உண்டு என்பதை ஆய்வு மாணவர் அறிதல் வேண்டும்.

சிறு தொடர்களில் தமிழ் தன் இயல்பறிவால் நன்றாகவே செய்திருக்கிறது. 'ஆன்னோ தோமினி' என்பது ஆண்டவரின் ஆண்டில் என்று பொருள்படும். நாம் கி.பி. என எழுதுகிறோம். இது மொழிபெயர்ப்பே அன்று. கிறித்துவுக்குப் பின் என்னும் காலக்கணக்கே எஞ்சியது, வழிபாட்டுச் சொல் நீங்கியது. 'ஏபெயாஸ் கோர்புஸ்' என்பதன் நேர்பொருள் 'நீ உடலைக் கொண்டிருப்பாயாக' என்பது. இதனை அவ்வாறே தமிழாக்கின் படிப்பவர் பிணவறையை நினைப்பர். நம் நீதிமன்ற வழக்கு 'ஆட்கொணர்வு' என்றது. உடல் ஆளாயிற்று, வைத்திருத்தல் கொணர்தலாயிற்று. சிறையிட்டவன் செய்ய வேண்டிய செயல் யாதோ அதுவே சொல்லாயிற்று. பெயர் அறியப்படாத யாரோ ஒருவர் ஆக்கிய இச்சொல்லை மொழிபெயர்ப்புப் பாடத்தின் முதல் எடுத்துக்காட்டாக வைக்கலாம். 'வீவா வோசே' உயிருள்ள குரலால் என்று பொருள்படும். நாம் வாய்மொழித் தேர்வு என்கிறோம். ஆய்வேடு சமர்ப்பித்து அத்தேர்விற்கு முன் நிற்பார்க்கு உயிர் எங்கே இருக்கும் என்பது வேறு செய்தி.

'காவெயாத் எம்ப்தோர்' என்னும் தொடரை எம் மாணவர் ஒருவர் 'வாங்குவோரே, எச்சரிக்கை' என்று பெயர்த்து வந்தார். ஈண்டுள்ள இலத்தீன் வினை படர்க்கைக்கண் வருவது. நம் வியங்கோளை ஒத்தது. வாங்குவோன் விழிப்புடையன் ஆகுக என்பதே அதன் வடிவம். விளித்து ஏவும் போக்கில் பெயர்த்தமையால் அது கடைவாயிலில் தொங்கும் அறிவுரைப் பலகை ஆகிவிட்டது. சட்டத்தில் அது அறிவுரையன்று. பண்டத்தின் குறைக்கு யார் பொறுப்பு என்பதைப் பகிர்ந்து வைக்கும் நெறி. இந்தியாவில் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இந்நெறியைப் பொதுவிதியாகக் கொண்டு, விலக்குகளையும் உடன் வகுத்துள்ளது. 'வாங்கியவன் பொறுப்பு' எனின் சொல் வேறுபடும், தொழில் வேறுபடாது.

இனிக் கடற்கரைக்கு வருவோம். வைகை கடலொடு கலக்கும் இடத்தருகே அழகன்குளம் உள்ளது. தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறையினர் 1986 முதல் பலமுறை ஈண்டு அகழ்ந்துள்ளனர். மேனாட்டு வாணிகத்தைக் காட்டும் பானையோடுகளுடன் உரோமக் காசுகளும் கிடைத்தன. பிற்கால உரோமச் செப்புக் காசுகளில் பெருவரவிற்றாய்க் காணப்படும் தொடர்களுள் ஒன்று 'சாலூஸ் ரெயீபூப்ளிகே' என்பது. பொதுநாட்டின் நலம் என்று பொருள். இதனைப் பொறித்த காலத்தில் உரோமில் பேரரசர் ஆட்சியே நடந்தது. பழைய பொதுநாட்டின் பெயர் மட்டும் காசின்மேல் எஞ்சி நின்றது. அக்காசு தமிழகக் கரையில் கைமாறியபோது அத்தொடரைப் படித்தார் யார்? ஈண்டு அவ்வெழுத்து ஓர் உருவமாக நின்றதேயன்றி மொழியாகச் செயற்பட்டது என்பதற்கில்லை. காசு செல்லுமா, செல்லாதா என்பதே கொள்வார் வினா. 'செல்லும்' என்னும் இச்சொல்லை நினைவிற் கொள்க. மீண்டும் இதற்கு வருவோம்.

இலத்தீன் மொழியாகவே தமிழின் வாயிலில் வந்து நின்றது 16ஆம் நூற்றாண்டில். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் தமிழறியார். இரு மொழியும் ஓரளவு அறிந்த சிலரைக் கூட்டி, பலநாள் முயன்று, செபங்களையும் விசுவாச அறிக்கையையும் தமிழாக்குவித்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு ஊர்தோறும் ஓதுவித்தார். அவ்வறிக்கை இலத்தீனில் 'கிரேதோ' என்று தொடங்கும். நம்புகின்றேன் என்பது பொருள். அவர்க்குத் தமிழாக்கித் தந்தவர் அவ்விடத்தில் வைத்த சொல் யாது? 'எனக்கு வேணும்' என்பது. 1544இல் தம் உடன்பணியாளர் பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு எழுதிய மடலில் சேவியர் இதனைத் திருத்துகிறார். வேணும் என்பது விரும்புதலைக் குறிக்கும் சொல். ஆதலின் அதனை விடுத்து விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை ஓதுக என்று பணிக்கிறார். அம்மடலிலேயே பிறிதொரு திருத்தமும் உண்டு. கிறித்து பாடுபட்டதைக் கூறும் பகுதியில் வன்பினாலே எனக் கொள்ளத்தக்க சொல் ஒன்று வந்துவிட்டது. அவர் தம் விருப்பாற் பாடுபட்டாரேயன்றி வன்முறையால் அன்று, ஆதலின் அச்சொல்லை நீக்குக என்பது அது.

மொழிபெயர்ப்பு வரலாற்றில் இம்மடலுக்குரிய இடத்தை நம் நூல்கள் போதிய அளவு தரவில்லை என்பது எம் எண்ணம். பெரும்பாலும் ஒரு வேடிக்கையாகவே இது சொல்லப்படுகிறது. அறியாதார் செய்த பிழை, அறிந்தவர் திருத்தினார் என்று முடித்துவிடுகின்றனர். பிழை என்பது உண்மையே. ஆயின் அது எத்தகைய பிழை?

இலக்கண நோக்கில் காண்போம். 'கிரேதோ' என்பது ஒரே சொல். யான் என்னும் தன்மைப் பொருள் அதன் ஈற்றிலேயே அடங்கியுள்ளது. இத்தகைய வினைமுற்றுத் தமிழிற்குப் புதிதன்று. நம்புகின்றேன் என்பதும் ஈற்றில் தன்மையைக் கொண்டது. இரு மொழியும் ஒத்துச் செல்லும் இடம் இது. அவ்வாறிருக்க 'எனக்கு வேணும்' என்றதில் பேசுவோன் நான்காம் வேற்றுமைக்குத் தள்ளப்பட்டான். வினையின் ஈற்றில் அவனுக்கு இடமில்லை. அறிக்கை என்பது ஒருவன் தன்னைத் தானே பிணைத்துக்கொள்ளும் செயல். பிணைப்பவனே வினைமுற்றிலிருந்து மறைந்துவிட்டான். சேவியர் கண்டது விருப்பிற்கும் நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும். இவ்விலக்கண வேறுபாடும் அதனளவு பெரியது என்பது எம் கருத்து.

இனி அத்தமிழாக்கத்தார் பக்கம் நின்று நோக்குவோம். வேண்டுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் விரும்புதல் ஒரு பொருள். கடவுள்பால் இரத்தல் மற்றொரு பொருள். கோயிலுக்குச் செல்வோன் வேண்டிக்கொள்கிறான். பொங்கலிடுவோள் வேண்டுதல் செலுத்துகிறாள். கடவுளை நோக்கி வாய் திறந்து சொல்லும் சொல் எதுவாயினும் அது வேண்டுதலே என்பது கடற்கரை மக்களின் வாழ்க்கை வழக்கு. கடலிற் செல்லும் கணவன் மீளவேண்டும், முத்து கிடைக்கவேண்டும் என்பனவே அவர்தம் செபம். 'கிரேதோ' என்பதைக் கேட்டவர் அதனைச் செபங்களோடு சேர்த்துக் கற்றனர். செபத்திற்குரிய வினையையே அதற்கும் கொடுத்தனர். எனவே அவர் தொழிலை அறியாதவர் அல்லர். ஒரு தொழிலைப் பிறிதொரு தொழிலாகக் கொண்டவர். அறிக்கையிடுதலை வேண்டுதலாகக் கொண்டனர். பட்டியல் செய்வோர் தொழிலை நோக்காமையால் தவறுகின்றனர். இவர் தொழிலை நோக்கியும் அடையாளம் மாறித் தவறினர்.

மற்றொன்றும் ஈண்டுக் கருதற்பாலது. நம்புதல் என்னும் சொல்லை இன்று விசுவசித்தல் என்னும் பொருளில் தயக்கமின்றி வழங்குகிறோம். தொல்காப்பிய உரியியலோ நம்பு என்னும் உரிச்சொற்கு நசை என்றே பொருள் கூறுகிறது. நசையாவது விருப்பம். விரும்புதலையே குறித்த ஒரு சொல் காலப்போக்கில் உறுதிகொண்டு பற்றுதலைக் குறிக்கலாயிற்று. சேவியர் எந்த இரண்டினை வேறு பிரித்தாரோ, அவ்விரண்டினையும் ஒரு தமிழ்ச் சொல் தன் வரலாற்றில் இணைத்து வைத்திருக்கிறது. இதனால் 'வேணும்' சரியான மொழிபெயர்ப்பு என்று யாம் வாதிடவில்லை. 16ஆம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழில் வேணும் என்பது அவ்வளவு தொலைவு நடந்திருக்கவில்லை. ஆயின் அதனைச் சொன்னவரை நகையாடுவோர் தம் மொழியின் பழைய உரியியலை ஒருமுறை புரட்டுதல் நன்று.

சேவியர்க்குப் பின் இக்கரையில் தமிழைக் கற்றுத் தேர்ந்தவர் அன்றீக்கு அடிகளார் எனப்படும் என்றீக்கே என்றீக்கசு. மண்டபத்தை அடுத்த வேதாளையில் 1549இல் நடந்த பூசலில் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட, அவர் வகித்த தலைமைப் பொறுப்பு என்றீக்கசு அடிகளைச் சேர்ந்தது. தமிழிற்கு இலத்தீன் இலக்கண மரபையொட்டிப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணம் எழுதியவர் இவர். 1578இல் கொல்லத்தில் அச்சான இவர்தம் சிறுநூலின் போர்த்துக்கீசியத் தலைப்பு கிறித்தவப் போதனை என்று பொருள்படுவது. தமிழ்த் தலைப்போ 'தம்பிரான் வணக்கம்'. போதனை ஆசிரியன் செயல். வணக்கம் கற்போன் செயல். நூல் யார் கையில் இருக்கப்போகிறதோ அவர் செய்யும் தொழிலைத் தலைப்பாக்கினார். கிறித்தவம் என்னும் அடையை நீக்கித் தம்பிரான் என்னும் நாட்டு வழக்கினையும் மேற்கொண்டார். தலைப்பளவில் இது தமிழிற்கு வந்த முதல் நிறைவான பெயர்ப்பு எனலாம். மறு ஆண்டு கொச்சியில் அச்சான பெரிய நூலின் தலைப்பு 'கிரீசித்தியானி வணக்கம்' என்றாயிற்று. வணக்கம் நின்றது, தம்பிரான் நீங்கி அயற்சொல் மீண்டது. இம்மாற்றத்தை வளர்ச்சி என்பாரும் உளர். சொல்லின் திட்பம் கூடியது என்பதை ஒப்புகிறோம். தமிழ் ஓரடி பின்வாங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெயர்க்காமல் விடுவதும் ஒரு நெறியே. 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு முன்வரை, பாம்பன், தங்கச்சிமடம் முதலிய தீவூர்களிலும் கத்தோலிக்கத் திருப்பலி இலத்தீனிலேயே நடைபெற்றது. பொருள் தெரியாமலே அதன் பாடல்களைச் செவிவழிக் கற்றுப் பாடிய தலைமுறை ஒன்று இக்கரையில் இருந்தது. அத்தலைமுறையார் இலத்தீன் என்று கருதிப் பாடியவற்றுள் 'கீரியே எலேயிசோன்' என்பதும் ஒன்று. அது கிரேக்கம், ஆண்டவரே இரங்கும் என்பது பொருள். உரோமத் திருச்சபையே அதனைத் தன் மொழியிற் பெயர்க்காது நூற்றாண்டு பலவாகக் காத்து வந்தது. எல்லாத் தொடரையும் பெயர்த்தே ஆகவேண்டும் என்று முழங்குவார்க்கு இலத்தீனே தரும் விடை இது. ஓதுவதே தொழிலாகிய இடத்தில் ஒலியும் பொருளின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

எதிர்த்திசையில், தமிழிலிருந்து இலத்தீனுக்குச் சென்ற முயற்சிகளைப் பற்றி விரிப்பின் பெருகும். வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் ஆக்கினார். கொடுந்தமிழிற்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. கார்ல் கிரவுல் செய்த குறளின் இலத்தீன் ஆக்கம், எளிய தமிழ் உரையுடன் 1865இல் வெளிவந்தது. ஒன்று மட்டும் ஈண்டுக் கூறுவோம். குறளின் ஒரு தொடரை அதன் அதிகாரத்தினின்று பிரித்துத் தனிப் பழமொழியாகப் பட்டியலில் வைப்பின் எவ்வளவு இழப்பு நேரும் என்பதை நாம் அறிவோம். இல்லறத்தானுக்குச் சொன்னதைத் துறவிக்கும், அமைச்சனுக்குச் சொன்னதை அனைவர்க்கும் ஆக்கி மேற்கோள் காட்டுவாரை நாம் கடிகிறோம். உரோமர் நூல்களினின்று பிரித்தெடுத்த தொடர்களுக்கும் அதே நீதியை வழங்குதல் நம் கடன்.

இனி இராமநாதபுரச் சீமையின் பெருவழக்கு. சேதுபதி மரபில் கணவனை இழந்த இராணி பர்வதவர்த்தினி நாச்சியார், கணவனின் உறவினர் இசைவு பெற்று முத்துராமலிங்க சேதுபதியைத் தத்தெடுத்தார். கணவன் உரிமை அளிக்காத நிலையில் கைம்பெண் தத்தெடுத்தல் ஆகுமா என்பது வினாவாயிற்று. தத்துச் செல்லாதாயின் சீமை அரசினைச் சேரும். அரசின் சார்பில் வழக்காடியவர் மதுரைக் கலெக்டர். இலண்டன் பிரிவி கவுன்சில் 1868இல் தீர்ப்பளித்தது. திராவிட நாட்டில் கணவனின் உறவினர் இசைவு போதும் என்றும், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு எழுதப்பட்ட நூல்விதியினும் வலியது என்றும் அத்தீர்ப்பு கொண்டது. இந்து சட்டம் பயில்வோர் இன்றும் இதனை இராமநாதபுர வழக்கு என்றே சுட்டுவர்.

வழக்காறு பற்றி இலத்தீனில் உள்ள தொடர்களை இத்தீர்ப்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்தல் தகும். 'கொன்சுவெத்தூதோ எஸ்த் ஆல்தெரா லெக்ஸ்' என்பது ஒன்று. வழக்காறு மற்றுமொரு சட்டம் என்று பொருள். உரோமச் சட்டத் தொகுப்பில் பவுலுசு என்பாரின் கூற்றாக வருவது பிறிதொன்று. சட்டங்களுக்குச் சிறந்த உரையாசிரியன் வழக்காறு என்பது அதன் கருத்து. பட்டியல்கள் இவ்விரண்டிற்கும் 'வழக்கே சட்டம்' என்று ஒரே தமிழைத் தந்துவிடும். முன்னது வழக்காற்றைச் சட்டத்தின் உடன்பிறப்பாக்குகிறது. பின்னது அதனைச் சட்டத்தின் பணியாளன் ஆக்குகிறது. இராமநாதபுரத் தீர்ப்போ அதனை நூலினும் மேலே ஏற்றியது. மூன்றும் மூன்று நிலைகள். இவற்றை ஒன்றாக்கிப் படித்த மாணவன் அத்தீர்ப்பின் துணிவினை உணரமாட்டான்.

தமிழ்ச் சொல்லாகிய 'வழக்கு' இவ்விடத்தில் வியக்கத்தக்க துணை செய்கிறது. இலக்கணத்தில் அது மக்கள் வழங்கும் நெறி. உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்பன அதன் பகுப்புகள். நீதிமன்றத்தில் அதுவே தாவா. வழக்கெனப்படுவது உயர்ந்தோர் மேலது என்று தொல்காப்பியர் வரம்பு கட்டியபோது அவர் எதிர்கொண்ட இடரும், எது மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு என்று ஆராய்ந்த நீதிபதியர் எதிர்கொண்ட இடரும் ஒன்றே: யார் வழங்கியது வழக்காகும்? இராணியின் வழக்கு நாட்டின் வழக்கால் வென்றது என்று தமிழில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். இலத்தீனில் இதற்கு இரு சொற்கள் வேண்டும்.

தத்து பற்றிய பிற வழக்குகளில் மிகுதியும் எடுத்தாளப்படும் இலத்தீன் தொடர் 'பாக்தும் வாலெத் குவோத் பியெரி நோன் தேபுயித்' என்பது. செய்திருக்கக் கூடாததாயினும் செய்தது செல்லும் என்பது அதன் பொருள். இந்து சட்டத்தில் இத்தொடர் நுழைந்த வழி சுவையானது. வங்கத்துச் சட்ட நூலாசிரியர் சீமூதவாகனர், நூறு விதிகள் கூடினும் நடந்த மெய்ம்மையை மாற்றவியலாது என்னும் கருத்தினை வடமொழியிற் கூறினார். ஆங்கில நீதிபதியர் அதற்குத் தமக்குப் பழக்கமான இலத்தீன் ஆடையை உடுத்தினர். ஒரே மகனைத் தத்துக் கொடுத்தல் செல்லும் என்று பிரிவி கவுன்சில் 1899இல் முடிவு செய்தபோது இந்நெறியும் ஆராயப்பட்டது. நூல் 'செய்யற்க' என்று விலக்கியது வெறும் அறிவுரையா, கட்டளையா என்பதே அங்குத் தேர்ந்த பொருள். அறிவுரையாயின் மீறிச் செய்த செயல் பழிக்குரியது எனினும் நிலைபெறும். கட்டளையாயின் செயலே இல்லையாகும்.

இத்தொடர்க்குப் பட்டியல் ஒன்றில் 'நடந்தது நடந்துவிட்டது' என்று எழுதியிருக்கக் கண்டோம். இது பெரும்பிழை. நடந்தது நடந்துவிட்டது என்பது துயருற்றோன் தன்னைத் தேற்றிக்கொள்ளும் சொல்; இழவு வீட்டிற்குரியது. இலத்தீன் தொடர் தேறுதல் கூறவில்லை, தீர்ப்புக் கூறுகிறது. ஒருவன் மகனாகிறான், ஒரு சொத்துக் கைமாறுகிறது, மற்றொருவன் வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். 'வாலெத்' என்னும் வினையின் வலிமை முழுதும் அதிலுள்ளது. அதற்குத் தமிழில் 'செல்லும்' என்பதனினும் பொருந்திய சொல் இல்லை. பத்திரம் செல்லும், கையெழுத்துச் செல்லாது என்று ஊர்மக்கள் நாள்தோறும் வழங்குவது இச்சொல்லையே. காசினைக் கையில் எடுத்துச் சுண்டிப் பார்த்தவனும் இதையே சொன்னான்.

ஆதலின் எம் மாணவர் குறிப்பேட்டில் 'செய்தது செல்லும்' என்று திருத்தி எழுதினோம். எம்மோடு பணிபுரியும் நண்பர் ஒருவர் இதற்குத் தடை கூறினார்: செய்யத்தகாதது என்னும் பகுதி விடுபட்டமையின், எதைச் செய்தாலும் செல்லும் என்று கொள்ள இடமாகும் என்றார். தடை பொருந்துவதே. 'செய்யத்தகாததும் செய்தபின் செல்லும்' என்று மாற்றினோம். சுருக்கம் சிறிது குறைந்தது. உம்மை ஒன்று கூடியது. அவ்வும்மை இழிவுசிறப்பா, எச்சமா என்பதில் நண்பர்க்கும் எமக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.